ஆறு எழுத்துக்கு ஐம்பத்தாறு நாள்

1. பன்னிரண்டாம் நாள்

கையில் குத்தியிருந்த பச்சையை லேசரில் அழித்த பின், கட்டு மாற்ற மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அவனை வரச் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் வந்தான். ஏழாம் நாள் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு நான் க்ளினிக் ஷட்டரைத் தூக்கப் போனபோது, இடது கையைப் பழைய சேலைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி படியில் உட்கார்ந்திருந்தான்.

"என்னலே ஆச்சு?"

"எரியுது அண்ணாச்சி. பொறுக்க முடியல."

துணியை அவிழ்த்தேன். முன்கை முழுக்கக் குங்குமச் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து ஒரு நொடி எனக்கே கை நின்றுவிட்டது. ரத்தம் இல்லை. மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்தால் வருகிற சிவப்பு அது. ஆரத்தித் தட்டில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பற்று காய்ந்து, வெடித்து, தோலைக் கவ்விக்கொண்டிருந்தது.

"இத யாரு போட்டா?"

"வீட்டுல அம்மாதான் போட்டாவ. வீங்கியிருந்துச்சு. வீக்கத்துக்கு எப்பவும் இதத்தான் போடுவாவ."

"ஏன் வீங்குச்சு?"

அவன் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காய்ந்த சுண்ணாம்பின் மேல் எடுத்த எடுப்பில் தண்ணீரைக் கொட்டக் கூடாது. முதலில் உலர்ந்த பஞ்சால் தட்டித் தட்டி உதிர்த்தேன். பிறகு குழாயைத் திறந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, இருபது நிமிஷம் கையை அதன் கீழே பிடித்திருந்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சிவப்பு கழுவிப் போனதும் கீழே இருந்தது தெரிந்தது. பச்சையாகக் குத்திய ஆறு எழுத்தில் நான்கின் மேல் பொருக்கே இல்லை, பச்சைப் புண். இரண்டின் மேல் மட்டும் பொருக்கு அப்படியே இருந்தது. எழுத்துக்குக் கீழே ஒரு அரிவாள் படமும் குத்தியிருந்தார்கள். அதன் பிடி இருந்த இடம் சுண்ணாம்பில் வெந்து வெளுத்திருந்தது.

பொருக்கு தானாக விழுந்தால் அடியில் வழவழப்பான புதுத் தோல் இருக்கும். பிய்த்தால்தான் இப்படி இருக்கும்.

"பிச்சியா?"

"பிக்கல அண்ணாச்சி. தேச்சேன். ஆத்துல குளிக்கும்போது, பீர்க்கங்கூடு வச்சு."

2. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே யார், எங்கே என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் தோல் க்ளினிக். அதில் டிரெஸ்ஸிங் ரூம் என் பொறுப்பு. அதற்கு முன் வேறோர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் இதே வேலை. எனக்கு அப்போது வயது ஐம்பத்துமூன்று. கண்டதையெல்லாம் எண்ணுகிற பழக்கம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதனால் வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது என்பார்கள். புண்ணுக்கு அந்தப் பழக்கத்தால் கெடுதல் வந்ததில்லை.

லேசர் மெஷின் எங்களுடையது அல்ல. மதுரையிலிருந்து ஒரு வேனில் வரும், நான்கு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை. அன்று மட்டும் பச்சை அழிப்பது, மச்சம் எடுப்பது. மறுநாள் மெஷின் நாகர்கோவில் போய்விடும். மெஷினை இயக்குவது எங்கள் டாக்டரம்மா. கெட்டிக்காரி, வயது முப்பத்திரண்டு, கொஞ்சம் அவசரக்காரி.

அப்படி ஒரு சனிக்கிழமை வந்தவன்தான் அவன். இசக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுணிலிருந்து சீவலப்பேரி போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வயது இருபத்தாறு. இடது முன்கையின் உள்பக்கம் அவன் சாதியின் பெயர், ஆறு எழுத்து, அதன் கீழே அரிவாள். அந்த ஆறு எழுத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. அழிக்க அவ்வளவு பாடுபட்டதை நானே திரும்ப எழுதுவதா?

ஏன் அழிக்க வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டபோது, "வேலைக்கு எடஞ்சலா இருக்கு" என்றான். டிரெஸ்ஸிங் ரூமில் என்னிடம் வேறு சொன்னான்.

அது எங்கள் மாவட்டத்தில் சாதிச் சண்டையில் ஊருக்கு ஊர் வெட்டும் குத்துமாக இருந்த சமயம். பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்றுகூடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் நான்காவது ஸ்டாப்பில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு ஏறியிருக்கிறாள். பதினொன்றாவது ஸ்டாப்புக்கு டிக்கெட் கேட்டிருக்கிறாள். காசு வாங்க இவன் கையை நீட்டியிருக்கிறான்.

"கையத்தான் பாத்தா அண்ணாச்சி. மூஞ்சிய ஏறெடுத்தும் பாக்கல. காச சீட்டுல வச்சா. அஞ்சாவது ஸ்டாப்புல இறங்கிட்டா. கொளுத்துத வெயிலு, செருப்பு கூட இல்ல. புள்ளையத் தூக்கிட்டு நடந்தா. நா பின் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே போனேன்."

"நீ எதும் சொன்னியாலே?"

"ஒண்ணுமே சொல்லல. கைதான் சொல்லிட்டுதே."

அவள் நடந்தது ஆறு ஸ்டாப் தூரம். நான் எண்ணிக்கொண்டேன்.

பிறகு மெஷின் ஓடியது. எண்ணெயில் கடுகு பொரிவது போலச் சத்தம். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளுத்து உப்பின. மொத்தமே நான்கு நிமிஷம். வாசலின் பூசி, காஸ் வைத்து, கட்டுப் போட்டு, வழக்கமாகச் சொல்கிற ஒன்பதையும் சொன்னேன். கட்டை நனைக்காதே. கொப்புளத்தை உடைக்காதே. பொருக்கைப் பிய்க்காதே. வெயில் காட்டாதே. இப்படி ஒன்பது.

அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "மை எப்ப வெளிய வரும்?"

"தன்னால போயிரும் போ" என்றேன். அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார்.

தப்பு அங்கேதான். மை வெளியே வராது. லேசர் மையை உடைத்துப் பொடியாக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்தப் பொடியை உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்துகொண்டு போவது உடம்பு. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். மேலே கறுப்பாகக் கட்டுகிற பொருக்கு மை அல்ல, காய்ந்த ரத்தமும் நீரும். இதை நான் சொல்லவில்லை. சொல்லாததால் ஏழாம் நாள் பொருக்கு கறுத்ததைப் பார்த்து அவன் என்ன நினைத்தான்? மை மேலே வந்துவிட்டது, இனி தேய்த்து எடுத்துவிடலாம் என்று நினைத்தான். தாமிரபரணியில் இறங்கிக் கழுத்தழுக்கையும் குதிகாலையும் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்து வளர்ந்தவன். அதே தேய்ப்பு. நான்கு எழுத்துப் போனதும் மனம் நிறைந்து வீட்டுக்குப் போயிருக்கிறான். சாயங்காலம் வீங்கிவிட்டது.

பிய்க்காதே என்றுதான் நான் சொன்னேன். தேய்க்காதே என்று சொல்லவில்லை. கட்டை நனைக்காதே என்றதற்கு, கட்டை அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் ஆற்றில் இறங்கியிருக்கிறான்; என் சொல்லை அவன் மீறவே இல்லை.

3. வெள்ளை எழுத்து

டாக்டரம்மா பத்து மணிக்கு வந்து பார்த்தார். மாத்திரை எழுதினார். என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "கலர் போயிடும்னு பயமா இருக்கு. வெள்ளையா ஆறினா நிரந்தரம்தான்."

இசக்கியிடம் நான்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. மாநிறக் கையில் அந்த இடம் மட்டும் வெளுத்து ஆறினால், நீல எழுத்து போய் அதே பெயர் வெள்ளையில் நிற்கும். எந்த லேசராலும் வெள்ளையை அழிக்க முடியாது. அவன் பஸ்ஸின் முன் படியில் நின்றால் பின் சீட்டில் இருப்பவர்கூட அதைப் படிக்கலாம்.

அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "கைய வெட்டிரலாமா அண்ணாச்சி?" என்றான்.

"வெட்டுததுங்கது அரிவாளக் குத்தி விட்டவன் பேச்சு. நீ ஒழுங்கா உக்காரு."

அன்று அவனைப் பாதி நாள் உட்கார வைத்துக் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய், எங்கே குளிக்கிறாய், பை எந்தத் தோளில், டிக்கெட் கட்டு எந்தக் கையில், எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறாய், வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது. பதினேழு கேள்வி. பையின் வார் வலது தோளில் இருந்து குறுக்கே வந்து, பை இடது இடுப்பில் தொங்குகிறது. கூட்டத்தில் அதை இடது முன்கையால்தான் அமுக்கிப் பிடிக்கிறான். புண் இருந்தது சரியாக அந்த இடத்தில். ஒரு நாளில் எட்டு நடை. ஒரு நடைக்கு நூறு தடவையாவது அந்தத் தோல் தோல்பையில் உரசுகிறது. ஒன்பது கட்டளை சொன்னேனே, அதில் ஒன்றிலாவது பை இருந்ததா?

பையை மறுபக்கம் மாற்றச் சொன்னேன். பழைய மல் வேட்டியைக் கிழித்து, இரண்டு மடிப்பாக, மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டி வரும்படி தளர்வான உறைகள் தையல்காரரிடம் தைத்து வாங்கினேன். மொத்தம் ஆறு உறை. தினம் ஒன்று, கொதிக்கிற தண்ணீரில் போட்டு நிழலில் உலர்த்த வேண்டும். அதன் மேல் முழுக்கைச் சட்டை. ஆற்றுக் குளியல் நிறுத்தம். காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றிக் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுத்து, வாசலின் கனமாகப் பூசி, ஒட்டாத காஸ். மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய், திருநீறு எதுவும் கிட்டே வரக் கூடாது. அம்மாவை ஒருநாள் கூட்டிவரச் சொல்லி, அவர் முன்னாலேயே கட்டுப் போட்டுக் காட்டினேன். "நல்லதுன்னுதான் அய்யா போட்டேன்" என்று அழுதார். "தெரியும்மா. நான் சொல்லாம விட்டதுதான் தப்பு" என்றேன்.

பையை மாற்றியதும் அவனுக்குக் கை ஓடவில்லை. சில்லறையைக் கீழே போட்டான். பஸ்ஸில் கேலி பேசினார்களாம். "ஏலே கண்டக்டரு, இன்னைக்குத்தான் வேலைக்குச் சேந்தியோ?" "இல்ல மாமா, நீங்க இன்னைக்குத்தான் டிக்கெட் எடுக்கிய, அதான் கை நடுங்குது" என்றானாம். அதைக் கேட்ட அன்றுதான், ஆள் பிழைத்துவிடுவான் என்று எனக்குத் தோன்றியது.

4. டாக்டரம்மாவும் நானும்

இருபத்தெட்டாம் நாள் மெஷின் வந்தது. புண் மூடியிருந்தது. இளஞ்சிவப்பு. டாக்டரம்மா கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூடிடுச்சே, ரெண்டாவது லேசரை இன்னைக்கே போட்டுடலாம். க்ரீம் பூசுங்க" என்றார்.

மரத்துப்போகிற க்ரீமை ஒரு மணி நேரம் முன்னால் பூசுவது என் வேலை. நான் டியூபை எடுக்கவில்லை.

"மூடியிருக்கு டாக்டர். ஆறல."

"நாலு வாரம் ஆச்சு."

"தேய்ச்சது ஏழாம் நாள். பற்றைக் கழுவி எடுத்தது பன்னிரண்டாம் நாள். அதுலருந்து எண்ணினா பதினாறு நாள்தான். இந்தச் சிவப்பு பழுப்பாகி, பழுப்பு போய், பக்கத்துத் தோலோட நிறம் வரணும். இன்னைக்குச் சுட்டா வெள்ளைதான்."

"டாக்டர் நீங்களா, நானா?"

"நீங்கதான். எண்ணுறது நான்."

அவர் முகம் சிவந்துவிட்டது. வெளியே பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதைவிடச் சிரமம், இசக்கியே என் பக்கம் இல்லை. "போட்டுருவோம் அண்ணாச்சி, இன்னும் எத்தன மாசம் இந்தச் சட்டையில வேகுறது?" என்றான்.

"நீ சும்மா இருலே. ஒனக்கு ஒரு பெண் ஆறு ஸ்டாப் நடந்தது கணக்கு. எனக்கு இந்தத் தோல் கணக்கு. ரெண்டும் ஒண்ணுதான்."

டாக்டரம்மா டியூபை எடுத்தார். மறுபடி கையைப் பார்த்தார். பக்கத்திலிருந்த நல்ல தோலில் விரலை அழுத்தி எடுத்தார், பிறகு சிவப்பில் அழுத்தி எடுத்தார். டியூபைக் கீழே வைத்தார். "அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்றார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

முதல் லேசர் சிட்டிங்குக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி எண்பத்துநான்கு நாள் ஆயிற்று. அடுத்தவை மூன்றும் ஐம்பத்தாறு ஐம்பத்தாறாக. நான்கு வாரம் என்பது வேன் வருகிற கணக்கு. தோலுக்கு அந்த வேனைத் தெரியாது.

5. கை கழுவும் இடம்

மூன்றாவது சிட்டிங் முடிந்த ஐந்தாம் நாள் கட்டு மாற்ற இசக்கி வந்திருந்தான். கட்டை அவிழ்த்திருந்தேன். பொருக்கு கட்டத் தொடங்கியிருந்தது. அப்போது மூன்று பேர் செருப்போடு உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் பெரிய மீசை, வெள்ளை வேட்டி, அறுபது வயதிருக்கும். இசக்கி எழுந்து நின்றுவிட்டான்.

"சித்தப்பா."

அவர் அவனைப் பார்க்காமல் என்னிடம் பேசினார். "எங்க பேர அழிக்கதுக்கு நீரு யாருவே?"

"நான் கட்டுதான் போடுதேன்."

"நீரு என்ன ஆளு?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான், என்ன சாதி என்று. "டிரெஸ்ஸிங் ஆளு" என்றேன்.

பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். அவர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினான்.

"கோயில் கொடையில எங்க தெருவுல பதினெட்டுப் பயலுவளுக்கு நான் முன்ன நின்னு குத்துனது. பதினேழு பேரு கையில இருக்கு. இவன் ஒருத்தன் தெருப் பேரக் கெடுக்கான். அந்தக் கையக் காட்டுலே, எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாப்பம்."

கையை எட்டிப் பிடிக்க வந்தார். ஐந்து நாள் பொருக்கு. ஒரு இழுப்பில் மறுபடி பன்னிரண்டாம் நாளுக்குப் போய்விடும். நான் குறுக்கே நின்றேன். நான் ஒல்லி, ஐம்பத்தோரு கிலோ. அவர் என்னைப் போல ஒன்றரை ஆள்.

"தொடலாம். கைய கழுவிட்டுத் தொடும்" என்றேன்.

"என்னது?"

"அங்கன குழா இருக்கு, சோப்பு இருக்கு. நாப்பது எண்ணுத வரைக்கும் தேச்சுக் கழுவணும். செருப்ப வெளிய விட்டுட்டு வரணும். டாக்டரம்மாவுக்கும் அதான் சட்டம், கலெக்டர் வந்தாலும் அதான் சட்டம். நான் எண்ணுதேன், நீரு கழுவும்."

அறையில் யாரும் அசையவில்லை.   அவர் குழாயைப் பார்த்தார், சோப்பைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். எதிர்த்து நின்றால் என்ன செய்வது என்று அடிக்க வருகிறவனுக்குத் தெரியும். கை கழுவு என்று சொன்னால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்போது இசக்கி பேசினான். கையை மறைக்கவில்லை, மேசை மேல் அப்படியே மல்லாந்து வைத்திருந்தான்.

"சித்தப்பா, குத்தும்போது எனக்குப் பதினாலு வயசு. வேணுமா வேண்டாமான்னு நீங்க கேக்கல. இப்ப நானும் ஒங்கள்ட்ட கேக்கல. அவ்வளவுதான்."

"ஊருக்குள்ள வருவேல்லா?"

"வருவேன். எங்க அம்மா அங்கதான இருக்கா. எட்டு நடையும் ஒங்க வாசல் வழியாத்தான் வாரேன். நிறுத்தணும்னா நடுரோட்டுல நின்னு நிறுத்துங்க."

அவர் போய்விட்டார். கை கழுவவில்லை. நான் தரையை இரண்டு தடவை டெட்டால் போட்டுத் துடைத்துவிட்டு, என் கையை நாற்பது எண்ணிக் கழுவி, கட்டை முடித்தேன். அடுத்த வாரம் அவன் பஸ் கண்ணாடியில் ஒரு கல் விழுந்தது. அவன் வேலைக்குப் போவதை ஒருநாளும் நிறுத்தவில்லை. உறையைப் போடுவதையும் நிறுத்தவில்லை.

6. பதினொன்று

ஐந்து சிட்டிங். முதல் நாளிலிருந்து கடைசி சிட்டிங் வரை இருநூற்று ஐம்பத்திரண்டு நாள். அதன் பிறகும் ஐம்பத்தாறு நாள் உறையைக் கழற்ற விடவில்லை. ஆறு எழுத்தும் போய்விட்டன. பீர்க்கங்கூடு பட்ட நான்கின் இடத்திலும் நிறம் திரும்பியது. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஒரு சுழிகூட இல்லை. அரிவாளின் பிடி இருந்த இடம் மட்டும், சுண்ணாம்பு வேக வைத்த இடம், நாலணா அகலத்துக்கு வெள்ளையாக நின்றது. அது திரும்பவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. மறைக்கிற க்ரீம் ஒன்று இருக்கிறது, தோல் நிறத்திலேயே வரும், தினம் பூசிக்கொள்ளலாம் என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. இது யாரும் குத்துனது இல்லல்லா? நானும் நீங்களும் செஞ்ச தப்பு. இருந்துட்டுப் போட்டும்" என்றான். அங்கேயே முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்து விட்டுக்கொண்டான்.

இப்போது நல்ல மெஷின்கள் வந்துவிட்டன. வலிக்காது என்கிறார்கள், சீக்கிரம் என்கிறார்கள். என்ன வந்தாலும் சுடுகிற நேரம் சில நிமிஷம், மிச்சமெல்லாம் வீட்டில்தான். அச்சடித்த தாள் கொடுத்துவிட்டேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். எதிரே இருப்பவர் எந்தத் தோளில் பை போடுகிறார், எதை வைத்துத் தேய்த்துக் குளிக்கிறார், வீங்கினால் வீட்டில் எதைக் குழைப்பார்கள், பொருக்கை என்னவென்று நினைக்கிறார், இவற்றைக் கேட்காமல் அவர் கையில் லேசரை வைக்காதீர்கள். தேதி குறிக்கும்போது டாக்டர் சொன்னாலும் சரி, மெஷின்காரர் சொன்னாலும் சரி, நோயாளியே கெஞ்சினாலும் சரி, ஆறாத தோலுக்குக் க்ரீம் பூசாதீர்கள். வேலை போகும் என்றால் போகட்டும். எனக்குப் போகவில்லை.

சட்டையை மடித்துவிட்ட மறுநாள் மத்தியானம் அவன் பஸ்ஸில் நான் ஏறினேன். சீவலப்பேரியில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. கடைசி சீட்டுக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்தேன். ஆறு ஸ்டாப் நடந்துபோன அந்தப் பெண் அன்று வரவில்லை. மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் நான்காவது ஸ்டாப்பில் ஒரு பெண் ஏறினாள், கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. இசக்கி என்னைப் பார்த்து, அவள்தான் என்பது போலப் புருவத்தை உயர்த்தினான். பிறகு அவளிடம் போய் இடது கையை நீட்டினான்.

அவள் கையைப் பார்த்தாள். வெள்ளைப் பொட்டையும் பார்த்திருப்பாள். காசை உள்ளங்கையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்தாவது ஸ்டாப்பில் பஸ் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அவள் உட்கார்ந்திருந்தாள். ஆறு. ஏழில் குழந்தை தூங்கிவிட்டது. எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அவள் இரண்டு காலும் தரையில் ஊன்றும் வரை பார்த்துவிட்டுத்தான் இசக்கி விசில் ஊதினான்.